செல்லுக்கு வெளியே ஏடிபி: ஏற்பிகளும் நம் ஊர் மாரடைப்பும்

நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒருவருக்கு மாரடைப்பு என்று சந்தேகம் எழுந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் 14 மாத்திரைகளை ஒரே வேளையில் விழுங்கச் சொல்கிறார்கள். 150 மி.கி. ஆஸ்பிரின் இரண்டு, 75 மி.கி. குளோபிடோக்ரல் நான்கு, 10 மி.கி. அடோர்வாஸ்டாடின் எட்டு. ‘லோடிங் டோஸ்’ எனப்படும் இந்தத் தொகுப்பு, 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் வழியே துணை சுகாதார நிலையங்கள் வரை போயிருக்கிறது. ஆவடிக்கு அப்பாலும் பூந்தமல்லிக்கு மேற்கிலும் உள்ள ஊர்களில் நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு, ஆம்புலன்ஸ் ஏறும் முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

அந்த நான்கு குளோபிடோக்ரல் மாத்திரைகளின் இலக்கு ஒரே ஒரு புரதம். ரத்தத் தட்டணுவின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் அதன் பெயர் பி2ஒய்12. செல்லுக்கு வெளியே வந்துவிட்ட நியூக்ளியோடைடுகளை அடையாளம் கண்டு செல்லுக்குள் சேதி சொல்லும் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இந்தக் குடும்பத்தைப் பற்றி உலகம் எப்படித் தெரிந்துகொண்டது, இன்று எவ்வளவு தெரியும், நம் மக்களைப் பொறுத்தவரை எந்தக் கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அடிப்படை அறிவியல் எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்தோடு முடிந்துபோகும் சமாசாரம் அல்ல; அது நம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை நாமே சோதித்துப் பார்க்கும்போதுதான் முழுமை பெறுகிறது என்பது என் உறுதியான கருத்து.

எரிபொருளும் எச்சரிக்கையும்

அடினோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் செல்லின் ஆற்றல் நாணயம் என்று படித்திருப்போம். அதை ஏடிபி என்றே இங்கே குறிப்பிடுகிறேன். அதிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்றால் கிடைப்பதை டைபாஸ்பேட் என்று எழுதுகிறேன். மூன்றும் கழன்றால் மிஞ்சுவது அடினோசின்.

தசையிலிருந்து ஏடிபியை 1929-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒன்று ஜெர்மனியில் கார்ல் லோமான். மற்றொன்று ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும். பீமாவரத்தில் பிறந்த சுப்பாராவ் படித்து உருவானது சென்னையில்தான்: திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேயோடு அவர் 1925-இல் வெளியிட்ட முறை உலகமெங்கும் ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் புழங்கியது. இந்தப் பொருளின் வரலாற்றில் சென்னைக்கு முதல் அத்தியாயத்திலேயே இடம் உண்டு என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அதே 1929-இல் கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்-கியோர்கியும், அடினோசினும் அதன் உறவுப் பொருள்களும் ரத்தத்தில் செலுத்தப்பட்டால் இதயத் துடிப்பு தணிகிறது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன என்று காட்டினார்கள். செல்லுக்குள் ஆற்றல் தரும் ஒரு பொருளின் குடும்பம் வெளியே நின்று கட்டளையும் இடுகிறது என்பதற்கு அதுவே முதல் தடயம். ஆனால் அந்தத் தடயத்தை யாரும் வெகுநாள் பின்தொடரவில்லை.

செல்லுக்குள் ஏடிபி நிறைந்து கிடக்கிறது. வெளியே மிகச் சொற்பம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்கு. சமையல் எரிவாயு அடுப்பில் எரியும்வரை எரிபொருள். அறையில் அதன் வாடை அடித்தால் கசிவு என்று அர்த்தம். ஏடிபியும் அப்படித்தான். செல் கிழிந்தாலோ நசுங்கினாலோ உள்ளிருக்கும் ஏடிபி கொட்டுகிறது. பக்கத்துச் செல்களுக்கு அது அபாய அறிவிப்பு. செல் உடையாமலேயே நரம்பு நுனிகளும் தட்டணுக்களும் மூச்சுக்குழாய்ச் சுவரும் ஏடிபியை வேண்டுமென்றே வெளியிடுவதும் உண்டு. அறிவிப்பு நீண்டுகொண்டே போகாமல் இருக்க, சிடி39, சிடி73 என்ற நொதிகள் செல் சவ்வின் வெளிப்புறத்தில் நின்று ஏடிபியை நறுக்கி அடினோசின் ஆக்கிவிடுகின்றன. அந்த அடினோசின் வேறு ஏற்பிகளில் அமர்ந்து பெரும்பாலும் எதிர்த்திசையில், அதாவது தணிக்கும் வேலையைச் செய்கிறது. காலையில் நாம் குடிக்கும் பில்டர் காபியின் சுறுசுறுப்பு, மூளையில் உள்ள அடினோசின் ஏற்பிகளைக் கஃபீன் மறிப்பதால் வருவதுதான்.

பர்ன்ஸ்டாக்கின் நீண்ட போராட்டம்

நார்அட்ரீனலின் வகையும் அசிட்டைல்கோலின் வகையும் மட்டுமே உடலுறுப்பு நரம்புகளின் மொழி என்று நம்பப்பட்ட காலத்தில், அவை இரண்டையும் மருந்தால் அடைத்த பிறகும் குடல் தசை நரம்புத் தூண்டலுக்குத் தளர்வதை மெல்பர்னில் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் கவனித்தார். மூன்றாவதாக ஒரு பொருள் இருந்தாக வேண்டும். அது ஏடிபி என்று 1970-இல் அவரது குழு எழுதியது. 1972-இல் அதற்கு முழுக் கோட்பாட்டு வடிவம் தந்தார். செல்லின் ஆற்றல் மூலத்தையா நரம்பு வீணாகக் கொட்டும் என்று பலரும் ஏற்க மறுத்தார்கள். 1978-இல் அவர் ஏற்பிகளை இரண்டாகப் பிரித்தார்: அடினோசினுக்குப் பதில் தருபவை பி1, நியூக்ளியோடைடுகளுக்குப் பதில் தருபவை பி2. 1985-இல் கென்னடியோடு சேர்ந்து பி2 வகையை எக்ஸ், ஒய் என்று மேலும் பிரித்தார்.

மருந்துகளுக்குத் திசுக்கள் தரும் பதிலை மட்டும் வைத்துச் செய்த பிரிவினை இது. ஏற்பியைக் கையில் எடுத்துக் காட்ட முடியாத வரை சந்தேகம் தீரவில்லை. 1993-இல் முதல் ஒய் வகை மரபணுக்களும் 1994-இல் முதல் எக்ஸ் வகை மரபணுக்களும் பிரித்தெடுக்கப்பட்டபோது வாதம் முடிந்தது. கோட்பாட்டை முன்வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பர்ன்ஸ்டாக் காத்திருந்தார். 2020-இல் மறையும்வரை இத்துறையிலேயே எழுதிக்கொண்டிருந்தார்.

இன்றைய கணக்குப்படி மனித உடலில் பி2எக்ஸ் ஏழு, பி2ஒய் எட்டு. எக்ஸ் வகை ஒவ்வொன்றும் மூன்று புரதங்கள் சேர்ந்து அமைந்த அயனி வாயில். ஏடிபி ஒட்டியதும் திறந்து சோடியத்தையும் கால்சியத்தையும் உள்ளே விடும். வேலை மில்லி விநாடிகளில் முடியும். 2009-இல் வரிக்குதிரை மீனின் பி2எக்ஸ்4 படிக வடிவம் வெளியானபோது அந்த மூவர் கூட்டணி கண்ணுக்குத் தெரிந்தது. ஒய் வகையோ சவ்வை ஏழு முறை ஊடுருவும் ஒற்றைப் புரதம். ஜி-புரதம் என்ற இடைத்தரகர் மூலம் சேதியைச் செல்லுக்குள் கடத்தும். மெதுவானது, ஆனால் விளைவு நீடிக்கும். ஏடிபி மட்டுமல்லாமல் டைபாஸ்பேட், யூரிடின் வகை நியூக்ளியோடைடுகள் என ஒவ்வொரு ஒய் ஏற்பிக்கும் தனித் தேர்வு உண்டு.

தட்டணுவின் மேற்பரப்பில் நடப்பது

மருத்துவத்துக்கு இந்தக் குடும்பம் தந்த பெரும் பலன் தட்டணுவில் கிடைத்தது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

இதயத் தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிறது. அங்கே ஒட்டிக்கொண்ட முதல் தட்டணுக்கள் தம் உள்ளே அடர்மணிகளில் சேமித்து வைத்திருக்கும் டைபாஸ்பேட்டை வெளியே கொட்டுகின்றன. நசுங்கிய சிவப்பணுக்களிலிருந்தும் அது கசிகிறது. உண்மையில் சிவப்பணுவிலிருந்து கசியும் ஏதோ ஒன்று தட்டணுக்களை ஒட்டவைக்கிறது என்று நார்வேயில் ஹெல்லெம் முதலில் கண்டார். அது டைபாஸ்பேட்தான் என்று 1961-இல் கார்டரின் குழு நிறுவியது.

கொட்டிய டைபாஸ்பேட் பக்கத்துத் தட்டணுவில் இரண்டு ஏற்பிகளைத் தட்டுகிறது. பி2ஒய்1 உள்ளே கால்சியத்தை உயர்த்துகிறது. தட்டு வடிவில் இருந்த அணு முட்கள் நீட்டிய உருண்டையாக மாறுகிறது. இது தொடக்கம் மட்டுமே; இதோடு நின்றால் ஒட்டியவை பிரிந்துவிடும். பி2ஒய்12 தட்டணுவை அமைதியாக வைத்திருக்கும் சுழல் ஏஎம்பி என்ற பொருளின் அளவைக் குறைக்கிறது. கட்டுப்பாடு தளர்கிறது, ஒட்டல் உறுதியாகிறது, இந்த அணுவும் தன் கையிருப்பைக் கொட்டுகிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று சங்கிலி நீள்கிறது. காயத்தில் ரத்தம் நிற்பதற்கு இதே சங்கிலிதான் காரணம். இதயத் தமனியை அடைப்பதற்கும் இதுவேதான்.

இந்த ஏற்பியைக் கண்டுபிடிப்பதற்கு வெகுமுன்பே அதை அடைக்கும் மருந்து கடைக்கு வந்துவிட்டது. பிரான்சின் துலூஸ் நகரில் 1970-களில் வீக்கத்துக்கு மருந்து தேடியவர்கள் தற்செயலாக டிக்லோபிடினைக் கண்டார்கள். அது வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைப்பது தெரிந்தபின், அதன் உறவான குளோபிடோக்ரல் 1997-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. டைபாஸ்பேட்டுக்குத் தட்டணுக்கள் சரியாகப் பதில் தராத, ரத்தக் கசிவு நோய் கொண்ட ஒருவரைப் பற்றி 1992-இல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் ஏற்பியின் மரபணு 2001-இல்தான் பிடிபட்டது. அந்தக் குழுவில் இருந்த டேவிட் ஜூலியஸ், பின்னர் வெப்ப உணர்வு ஏற்பிகளுக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றவர்.

குளோபிடோக்ரல் விழுங்கியவுடன் வேலை செய்வதில்லை. ஏறத்தாழ 85 சதவீதம் பயனற்ற பொருளாகச் சிதைந்து போகிறது. எஞ்சியது கல்லீரலில் இரண்டு படிகளில் மாறினால்தான் செயல்படும் மூலக்கூறு உருவாகும். அது பி2ஒய்12-இன் சிஸ்டீன் ஒன்றில் நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும். அந்தத் தட்டணு ஆயுள் முடியும்வரை, அதாவது ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை, மீள்வதில்லை. அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்பே இம்மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் பிடுங்கப் போகிறோம் என்று தாங்களாகவே நிறுத்திவிடுவது உயிராபத்தில் முடியக்கூடும். ஏனெனில் புதிய தட்டணுக்கள் அடைபடாத ஏற்பிகளோடு ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

சான்றுகள் திடமானவை. 2001-இல் வெளியான க்யூர் ஆய்வில் 12,562 நோயாளிகளிடம், ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் சேர்த்தபோது இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் 11.4-இலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தது. பின்னர் வந்த, அதே ஏற்பியை அடைக்கும் டிகாக்ரெலாருக்குக் கல்லீரல் மாற்றம் தேவையில்லை. 2009-இல் 18,624 பேரிடம் நடந்த பிளேட்டோ ஆய்வில் அதே கூட்டு விகிதம் குளோபிடோக்ரலில் 11.7, டிகாக்ரெலாரில் 9.8 சதவீதம். ஆனால் டிகாக்ரெலார் எடுத்தவர்களில் மூச்சுத்திணறல் கூடுதல், தினம் இரண்டு வேளை விழுங்க வேண்டும்.

சென்னையின் மேற்கில்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அந்தக் காலத்தையதே. ஷிப்ட் வேலை, நேரம் கெட்ட சாப்பாடு, பீடி சிகரெட், சர்க்கரை நோய் எல்லாம் கூடிவரும் இடங்கள் இவை. விடியற்காலையில் நெஞ்சு அடைத்தால் இங்கே முதலில் வருவது ‘கேஸ் ட்ரபுள்’ என்ற தீர்ப்பு. ஒரு சோடா, கடையில் ஒரு கேஸ் மாத்திரை. மாரடைப்பில் முதல் சில மணி நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அந்த நேரம் இப்படித்தான் கைநழுவுகிறது.

இந்த நேர இழப்பை அமைப்பு முறையால் குறைக்க முடியும் என்று நிறுவியது தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று. அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லாசாரியும் கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் முன்னின்று நடத்திய ‘தமிழ்நாடு ஸ்டெமி’ திட்டம் அது. சிறு மருத்துவமனைகளையும் பெரிய இதய மையங்களையும் 108 ஆம்புலன்ஸ், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆகியவற்றால் இணைத்தார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டு, பிறகு பெரிய மையத்தில் ஆஞ்சியோகிராம் செய்வது வழிமுறை. 2,420 நோயாளிகளின் முடிவுகள் 2017-இல் வெளியாயின: ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆக உயர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6-இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். நோயாளிகளின் சராசரி வயது 55-ஐத் தொடவில்லை. உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் விழுந்தவர்கள் அவர்கள்.

கரைப்பு ஊசியோடு சேர்த்துக் கொடுக்க நீண்டகாலச் சான்று உள்ள பி2ஒய்12 மருந்து குளோபிடோக்ரல், விலையும் மலிவு. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைத் தேர்ந்தெடுத்தது நியாயமான முடிவு. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு அடுத்து வரும் கேள்வியை நாம் தள்ளிப்போட்டு வருகிறோம்.

நம் கல்லீரல், நம் கேள்வி

குளோபிடோக்ரலைச் செயல்படவைப்பதில் முக்கியப் பங்கு சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் நொதிக்கு. அதன் மரபணுவில் ‘ஸ்டார் 2’ எனப்படும் வடிவம் இருந்தால் நொதி வேலை செய்யாது. ஐரோப்பியரிடம் இவ்வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம். புதுச்சேரி ஜிப்மரில் சி. ஆதித்தன் குழுவினர் தமிழர்களிடம் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவில் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியது. அந்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், நம்மில் பாதிப் பேருக்கு மேல் குறைந்தது ஒரு செயலற்ற பிரதி இருக்கும். பத்தில் ஒருவருக்கு மேல் இரண்டு பிரதிகளுமே செயலற்றவை.

இது நோயாளியின் தலைவிதியை எந்த அளவு மாற்றுகிறது? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இரு பிரதிகளும் செயலற்றவர்களுக்குப் பலன் குறையும் என்று 2010-இல் பெட்டி எச்சரிக்கை விடுத்தது. ஆனால் மரபணு பார்த்து மருந்து தேர்ந்தெடுப்பதைச் சோதித்த டெய்லர் பிசிஐ ஆய்வு, 2020-இல், புள்ளியியல் எல்லையைத் தொடாமல் நின்றது. 2021-இல் சீனாவில் சிறு பக்கவாதம் கண்ட, செயலற்ற பிரதி உடைய 6,412 பேரிடம் நடந்த சான்ஸ் 2 ஆய்வோ தெளிவாகப் பேசியது: மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் குளோபிடோக்ரலில் 7.6, டிகாக்ரெலாரில் 6.0 சதவீதம். செயலற்ற வடிவம் அதிகமுள்ள சீன மக்களிடம் கிடைத்த இந்த விடை நமக்கும் பொருந்த வாய்ப்புண்டு. ஊகம் போதாது, சோதிக்க வேண்டும்.

கேஸ் மாத்திரையும் இங்கே திரும்பவும் குறுக்கிடுகிறது. ஒமிப்ரசோல் இதே நொதியைத் தடுப்பதால், குளோபிடோக்ரலின் செயல்படும் மூலக்கூறு ரத்தத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. 2010-இல் வந்த கோஜென்ட் ஆய்வில் இதனால் மாரடைப்பு கூடவில்லை, வயிற்று ரத்தக் கசிவு குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் ஐரோப்பியரை மையமாகக் கொண்ட அந்த முடிவை, நொதியே குறைவாக உள்ள நமக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. வயிற்றுக்கு மருந்து அவசியமானால் பான்டோப்ரசோல் போன்ற மாற்றை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு. சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது ஆகாது.

குடும்பத்தின் மற்றவர்கள்

மூச்சுக்குழாயின் உணர்நரம்புகளில் இருக்கும் பி2எக்ஸ்3, எரிச்சலுற்ற சுவரிலிருந்து கசியும் ஏடிபியை உணர்ந்து இருமலைத் தூண்டுகிறது. அதை அடைக்கும் கெஃபாபிக்ஸன்ட் நாள்பட்ட இருமலுக்கு ஜப்பானில் 2022-இல் அனுமதி பெற்றது, அமெரிக்கா ஏற்கவில்லை. பெரிய இடையூறு சுவை மங்குவது, ஏனெனில் நாவின் சுவை நரம்புகளும் இதே வகை ஏற்பியை நம்பியிருக்கின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலைத் தூசியிலும் பட்டறைப் புகையிலும் வருடக்கணக்கில் இருமும் நம் தொழிலாளிக்கு இத்துறை இன்னும் பயன்படவில்லை.

பி2எக்ஸ்7 நோய் எதிர்ப்புச் செல்களில் அழற்சியைக் கிளப்பும் வாயில். ஏடிபியால் இதைத் திறந்தால், காசநோய்க் கிருமியை விழுங்கிய செல் தானும் மடிந்து கிருமியையும் கொல்லும் என்பது 1990-களிலேயே ஆய்வகத்தில் கண்ட உண்மை. காசநோயின் பெரும் சுமையைத் தாங்கும் நாட்டுக்கு இதைவிட நெருக்கமான ஆய்வுப் பொருள் குறைவு. தண்டுவடத்தின் நுண்கிளியாச் செல்களில் உள்ள பி2எக்ஸ்4 நரம்பு வலியைத் தக்கவைக்கிறது என்று 2003-இல் ஜப்பானியர் காட்டினர். கண்ணின் மேற்பரப்பில் உள்ள பி2ஒய்2-ஐத் தூண்டும் டிக்வாஃபோசால் சொட்டுமருந்து, கண் வறட்சிக்கு ஜப்பானில் 2010 முதல் கிடைக்கிறது.

செய்ய வேண்டியது

ஏற்பியைக் கண்டுபிடிக்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு என்பதே இப்போதுள்ள வேலை. அதற்கு வேண்டியவை எல்லாம் சென்னையின் இந்த மேற்குப் பகுதியிலேயே இருக்கின்றன. அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப்பிரிவும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் 1999-இல் இணைந்து உருவான அதற்கு, மக்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராயும் பழக்கம் பிறவியிலேயே வந்தது. முகப்பேரில் ஸ்டெமி திட்டத்தின் அனுபவம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் லோடிங் டோஸ் பெறுபவர்களின் பதிவேடு இருக்கிறது.

லோடிங் டோஸ் பெற்றவர்களில் ஒப்புதல் தருவோரிடம் சிறிது ரத்தம் எடுத்து சிஒய்பி2சி19 பார்த்து, ஓராண்டு பின்தொடர்ந்தால் போதும். செயலற்ற பிரதி உள்ளவர்களுக்கு மறுபடி அடைப்பு கூடுகிறதா, அவர்களை ஆஞ்சியோகிராமுக்குப் பிறகு டிகாக்ரெலாருக்கு மாற்றினால் உயிர் மிஞ்சுகிறதா, அதற்கு ரத்தக் கசிவில் என்ன விலை கொடுக்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் நம் மக்களிடமிருந்தே விடை வரும். அடைப்பு கூடுகிறது என்று தெரிந்தால் மருந்துப் பட்டியலை மாற்றலாம். கூடவில்லை என்று தெரிந்தால் மலிவான குளோபிடோக்ரலையே நிம்மதியாகத் தொடரலாம். இரண்டில் எந்த விடை வந்தாலும் அரசுக்கும் நோயாளிக்கும் ஆதாயம்தான். இந்த ஆய்வைத் தொடங்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.